பெண்களுக்காகப் பிறந்த பந்து

தோட்டப் பள்ளி ஆசிரியைக்கு ஆண்டுதோறும் தவறாமல் வருகிற கவலை ஒன்று உண்டு. தாள் திருத்துகிற வேலையைச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மாவட்ட விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவதைத்தான் சொல்கிறேன். பையன்களின் கடிதம் மறுநாளே கையெழுத்தோடு திரும்பி வந்துவிடும். பெண் பிள்ளைகளின் கடிதம் புத்தகப்பைக்குள்ளேயே மூன்று நாள் தூங்கும். கேட்டால், "அப்பா பார்க்கலாம்னு சொன்னாங்க, டீச்சர்" என்று பதில் வரும்.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் பெண்களுக்கான எறிபந்து அணி ஒன்று அமைத்தோம். பள்ளியில் மலாய்மொழியில் போலா பாலிங் என்று உங்கள் பிள்ளைகள் சொல்வார்களே, அந்த ஆட்டம்தான். எங்கள் பள்ளி சிறியது. நான்கு, ஐந்து, ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் அத்தனை பேரையும் கூட்டியும் தேறியது எட்டே பேர். அணிக்கு ஏழு பேர், மாற்றாளாக ஒருத்தி. போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது கோல் காக்கிற பிள்ளையின் கடிதம் வெறுமையாகத் திரும்பி வந்தது. அவள் விடுமுறையில் பெரிய பெண்ணாகியிருந்தாள். சடங்கும் முடிந்திருந்தது. இனி ஆட அனுப்புவதில்லை என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். செம்பனைக் காட்டில் குலை வெட்டிவிட்டு வந்த களைப்போடு அவள் தகப்பனார் வாசலில் அமர்ந்திருந்தார். மரியாதையாக நாற்காலி போட்டார், தேநீர் கொடுக்கச் சொன்னார். பிறகு அமைதியாக ஒரு கேள்வி கேட்டார். "டீச்சர், பொம்பளப் பிள்ள பந்து எறிஞ்சு என்னா ஆவப் போவுது?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. வீடு திரும்பி, இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது, பெண்கள் இதில் எப்படி வந்தார்கள் என்று தேடிப் படித்தேன். படித்ததில் ஒரு வியப்பான செய்தி கிடைத்தது. அதையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில், ஆட்டத்தைப் பார்த்திராத பெரியவர்களுக்காக அதன் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திடலின் நீளம் 40 மீட்டர், அகலம் 20 மீட்டர். இரு கோடியிலும் கோல் கம்பங்கள். ஒவ்வொரு கோலும் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். பக்கத்துக்கு ஏழு பேர். அதில் ஒருவர் கோல் காவலர். கோலுக்கு முன்னால் 6 மீட்டர் தூரத்தில் வளைந்த கோடு ஒன்று உண்டு. அதற்குள் காவலரைத் தவிர வேறு யாரும் கால் வைக்கக் கூடாது. ஆகவேதான் எறிகிறவர் கோட்டுக்கு வெளியே தரையை உதைத்து எழும்பி, காற்றில் மிதந்தபடியே பந்தை எறிந்துவிட்டு உள்ளே விழுகிறார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அடிக்கு மேல் நடக்கக் கூடாது. மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. பாதிக்கு 30 நிமிடமாக 60 நிமிட ஆட்டம். பெண்கள் ஆடுகிற பந்தின் சுற்றளவு 54 முதல் 56 சென்டிமீட்டர் என்றும், எடை 325 முதல் 375 கிராம் என்றும் நெடுநாளாக வழங்கி வந்தது. அதாவது ஒரு கையால் இறுகப் பிடித்து எறியத்தக்க பந்து.

பிடி நழுவாமல் இருப்பதற்காகப் பெரிய ஆட்டக்காரர்கள் விரல்களில் பைன் மரத்துப் பிசினைத் தடவிக்கொள்வதுண்டு. மரத்துப் பால் காய்ந்து விரலில் ஒட்டுகிற பிசுபிசுப்பு என்னவென்று பால்மரம் சீவிய நம் தாய்மார்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது வேலையில் தொல்லை. இந்த ஆட்டத்தில் அதுவே துணை!

இனி வரலாற்றுக்கு வருவோம்.

இந்த ஆட்டத்தின் பிறப்பில் பள்ளி ஆசிரியர்களுக்குப் பங்குண்டு என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. டென்மார்க் நாட்டில் ஓல்கர் நீல்சன் என்ற ஆசிரியர், கையால் எறிந்து ஆடும் ஆட்டத்துக்கு விதிகள் வகுத்து 1906-ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டார். அதே காலத்தில் ஐரோப்பாவின் வேறு சில நாடுகளிலும் இதையொத்த ஆட்டங்கள் இருந்தன. எனினும் இன்றைய பெயரோடு இந்த ஆட்டம் பதிவு பெற்றது ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில். நாள் 1917 அக்டோபர் 29. அன்று மாக்ஸ் ஐசர் என்பவர் அதற்கான விதிகளை வகுத்து, ஆட்டத்துக்குக் கைப்பந்து எனப் பொருள்படும் பெயரையும் சூட்டினார்.

மாக்ஸ் ஐசர் எந்தப் பொறுப்பில் இருந்தார் தெரியுமா? பெர்லின் பெண்களின் உடற்பயிற்சிக்குப் பொறுப்பாளர். அவர் விதி வகுத்தது பெண்களுக்காக. அப்போது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்கள் ஓடியாடி உடம்பைத் தேற்றிக்கொள்ள ஓர் ஆட்டம் வேண்டியிருந்தது. ஒருவர் மேல் ஒருவர் மோதாமல், பந்தை எறிந்தும் பிடித்தும் ஆடும்படி அவர் அதை அமைத்தார்.

ஆம் நேயர்களே, ஆண்கள் ஆடியதைப் பெண்கள் பின்னால் வந்து எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். நடந்தது நேர்மாறு. போர் முடிந்தபின் 1919-இல் கார்ல் செலென்ஸ் என்ற பெர்லின் உடற்கல்வி ஆசிரியர் பந்தைச் சிறிதாக்கி, எதிரியை உடம்பால் தடுக்கவும் இடம் கொடுத்து, ஆண்களுக்கு ஏற்றபடி ஆட்டத்தை மாற்றி அமைத்தார். அதன் பிறகு ஆண்கள் பெருந்திரளாக வந்து சேர்ந்தார்கள். பெண்களுக்கென்று கட்டிய வீட்டில் ஆண்கள் குடியேறினார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

குடியேறிய பின் நடந்ததைக் கவனியுங்கள். 1936-இல் பெர்லினில் நடந்த ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அப்போது பக்கத்துக்குப் பதினோரு பேராகப் புல்வெளியில் ஆடினார்கள். ஜெர்மனி தங்கம் வென்றது. ஆடியவர்கள் ஆண்கள் மட்டுமே. ஆண்களுக்கான உலகப் போட்டி 1938-இல் தொடங்கியது. எவருக்காக ஆட்டம் பிறந்ததோ அவர்கள் வாசலில் நின்றார்கள்.

பெண்ணின் உடம்பு தாங்காது என்பது அக்காலத்தில் விளையாட்டு உலகத்தில் பரவியிருந்த எண்ணம். 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்ததும் சிலர் களைத்துத் தரையில் சாய்ந்தார்கள் என்று பத்திரிகைகள் பெரிதுபடுத்தின. உடனே அந்த ஓட்டத்தையே பெண்களுக்கு நிறுத்திவிட்டார்கள். அது மீண்டும் வந்தது 1960-இல்தான். நெடுந்தூரம் ஓடி வந்தவர் ஆணானாலும் களைப்பார். பெண் களைத்தால் மட்டும் அது தடை போடக் காரணமாயிற்று.

பெண்ணின் உடம்பு தாங்குமா என்ற கேள்விக்குப் பதில் தேட நம் தோட்டத்து மக்கள் ஒலிம்பிக் வரை போக வேண்டியதில்லை. விடியற்காலை இருட்டில் எழுந்து சோறாக்கி வைத்து, கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, நிரை பிடித்து நூற்றுக்கணக்கான மரம் சீவி, பால் வாளியைக் காண்டாவில் தூக்கி வந்து நிறுவைக்கு வரிசையில் நின்ற நம் பாட்டிமார்களைப் பார்த்து, "உன் உடம்பு தாங்காது, நீ வீட்டில் இரு" என்று எந்தத் துரையும் சொன்னதில்லை. வேலைக்குத் தாங்குகிற உடம்பு விளையாட்டுக்குத் தாங்காது என்பது எந்த ஊர் நியாயம்?

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், 1946 ஜூலையில் கோபன்ஹேகன் நகரில் எட்டு ஐரோப்பிய நாடுகள் கூடி, அனைத்துலக எறிபந்துச் சம்மேளனத்தைத் தோற்றுவித்தன. அதன் பிறகே பெண்களுக்குக் கதவு மெல்லத் திறந்தது. 1949-இல் ஹங்கேரியில் பெண்களின் முதல் உலகப் போட்டி வெளித்திடலில் நடந்தது, ஹங்கேரியே வென்றது. உள்ளரங்கில் எழுவர் ஆடும் முறையில் பெண்களுக்கான முதல் உலகப் போட்டி 1957-இல் யூகோஸ்லாவியாவில் நடந்தது. ஒன்பது நாடுகள் வந்தன. இறுதியாட்டத்தில் செக்கோஸ்லோவாக்கியா ஹங்கேரியை 7-க்கு 1 என்று தோற்கடித்தது. இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

விளையாட்டும் அரசியலும் வேறு வேறு என்பார்கள். அது எப்போதும் உண்மையன்று. 1968-இல் சோவியத் நாட்டில் பெண்களின் உலகப் போட்டி நடப்பதாக இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் சோவியத் படைகளும் அதன் கூட்டாளி நாடுகளின் படைகளும் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தன. போட்டி கைவிடப்பட்டது. பல மாதம் பயிற்சி எடுத்த பெண்களின் உழைப்பு அந்தப் படையெடுப்பில் வீணாயிற்று. அடுத்த உலகப் போட்டி 1971-இல் நெதர்லாந்தில் நடந்தது. கிழக்கு ஜெர்மனி வென்றது.

ஒலிம்பிக் கதவு? ஆண்களின் உள்ளரங்க ஆட்டம் 1972 மூனிக்கில் சேர்ந்தது. பெண்களுக்கு 1976-இல் கனடாவின் மொன்ட்ரியாலில் இடம் கிடைத்தது. 1917-ஐயும் 1976-ஐயும் கழித்துப் பாருங்கள். பெண்களுக்காகப் பிறந்த ஆட்டத்தில் பெண்கள் ஒலிம்பிக் திடலில் கால் வைக்க 59 ஆண்டுகள் ஆயின. மொன்ட்ரியாலில் ஆறு அணிகள் ஆடின. சோவியத் நாடு தங்கமும், கிழக்கு ஜெர்மனி வெள்ளியும், ஹங்கேரி வெண்கலமும் பெற்றன. ஆசியாவிலிருந்து போன ஒரே அணி ஜப்பான்.

அந்தச் சோவியத் அணியில் கீவ் நகரத்தைச் சேர்ந்த சினாய்தா துர்ச்சினா என்ற பெண் ஆடினார். 1946-இல் பிறந்தவர். 1976-இலும் 1980-இலும் தங்கம் வென்றார். அத்தோடு நிறுத்திக்கொண்டாரா? இல்லை. 1988 சியோல் ஒலிம்பிக்கில் தம் 42-ஆம் வயதில் மீண்டும் ஆடி வெண்கலம் பெற்றார். பிள்ளை பெற்று வளர்த்த தாய் அவர். பெண் பெரியவளானதும் ஆட்டம் முடிந்தது என்று எண்ணுகிறவர்கள் இந்த வரலாற்றை ஒரு தரம் கேட்க வேண்டும்.

இப்போது நம் ஆசியாவுக்கு வருவோம். தென்கொரியா பரப்பில் சிறிய நாடு. 1950 முதல் 1953 வரை நடந்த போரில் சிதைந்து எழுந்த நாடு. அந்நாட்டுப் பெண்கள் உயரத்திலும் எடையிலும் ஐரோப்பியப் பெண்களுக்கு ஈடாக மாட்டார்கள். மோதித் தள்ளி ஜெயிக்க முடியாது என்று தெரிந்து, வேகத்தையும் விரைவாகப் பந்து மாற்றுவதையும் பழகினார்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார்கள். 1988-இல் சொந்த ஊரான சியோலில், உலகத்தையே ஆண்டுகொண்டிருந்த சோவியத் அணியை 21-க்கு 19 என்று வென்று தங்கம் பெற்றார்கள். அணியாக ஆடும் ஆட்டங்களில் கொரியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அதைக் கொண்டுவந்தவர்கள் பெண்கள். 1992 பார்சலோனாவில் நார்வேயை வென்று மறுபடியும் தங்கம். 1995-இல் உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில் ஹங்கேரியை வென்று, ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்த முதல் உலக வெற்றியாளர் ஆனார்கள்.

அவர்களுடைய வெற்றிகளைக் காட்டிலும் ஒரு தோல்வியைத்தான் அந்நாட்டு மக்கள் அதிகம் பேசுகிறார்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியாட்டம். எதிரே டென்மார்க். அந்தக் கொரிய அணியில் முப்பது வயதைத் தாண்டிய மூத்த ஆட்டக்காரிகளும் இருந்தார்கள். அறுபது நிமிடம் முடிந்தது, சமம். கூடுதல் நேரம் கொடுத்தார்கள், சமம். இன்னொரு கூடுதல் நேரம், அப்போதும் 34-க்கு 34. பிறகு ஒற்றை எறிகளில் டென்மார்க் 4-க்கு 2 என்று வென்றது. 1957-இல் 7-க்கு 1 என்று முடிந்த ஆட்டம் 47 ஆண்டுகளில் எங்கே வந்து நின்றது பாருங்கள். பெண்ணின் உடம்பு தாங்காது என்று சொன்னவர்களுக்கு இதைவிடப் பதில் வேண்டுமா?

அந்தத் தோல்வியைக் கதையாக வைத்து 2008-இல் கொரியாவில் ஒரு திரைப்படம் வந்தது. அதை இயக்கியவரும் ஒரு பெண்தான். அந்த அணியின் மூத்த ஆட்டக்காரிகளில் ஒருவரான லிம் ஓ கியோங் 2020-இல் கொரிய நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பந்து எறிந்த கை சட்டம் இயற்றவும் உயர்ந்தது.

ஆசியப் போட்டிகளின் ஆண்டுக் கணக்கைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். உங்களுக்கும் சொல்கிறேன். ஒலிம்பிக்கில் ஆண்கள் ஆட்டம் 1936, பெண்கள் ஆட்டம் 1976; இடைவெளி 40 ஆண்டு. உலகப் போட்டி ஆண்களுக்கு 1938, உள்ளரங்கில் பெண்களுக்கு 1957, இடைவெளி 19. ஆசிய வெற்றியாளர் போட்டி ஆண்களுக்கு 1977-இல் குவைத்தில், பெண்களுக்கு 1987-இல் ஜோர்டானின் அம்மான் நகரில், இடைவெளி 10. ஆசிய விளையாட்டு விழாவில் ஆண்களுக்கு 1982-இல் புதுடில்லியில், பெண்களுக்கு 1990-இல் பெய்ஜிங்கில், இடைவெளி 8. ஒவ்வொரு கதவும் தாமதமாகத்தான் திறந்தது. ஆனால் தாமதம் குறைந்துகொண்டே வந்தது. அது தானாகக் குறையவில்லை. ஆடிக் காட்டியவர்களால் குறைந்தது.

2024 டிசம்பரில் இருபதாவது ஆசியப் பெண்கள் எறிபந்துப் போட்டி இந்தியத் தலைநகரான புதுடில்லியில், இந்திரா காந்தி உள்ளரங்கில் நடந்தது. இறுதியாட்டத்தில் ஜப்பான் கொரியாவை 25-க்கு 24 என்று ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றது. ஒரு வருடத்துக்கு முன் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலும் ஜப்பானே கொரியாவை வென்று தங்கம் பெற்றிருந்தது. எவரையும் எப்போதும் வெல்ல முடியாதவர் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இது எடுத்துக்காட்டு. அந்தப் போட்டியில் இந்தியப் பெண்களும் ஆடினார்கள். முதல் நான்கு இடங்களுக்குள் வரவில்லை. ஆனால் இளையவர்கள் நம்பிக்கை தருகிறார்கள். 2022 மார்ச்சில் கஸக்ஸ்தானின் அல்மாட்டி நகரில் நடந்த ஆசிய இளம்பெண்கள் போட்டியில் இந்திய அணி தாய்லாந்தை 41-க்கு 18 என்று வென்று முதல்முறையாகத் தங்கம் வென்றது.

இவ்வளவும் கேட்டபின் ஒரு தாயார் மனத்துக்குள் நினைக்கலாம். "எல்லாம் சரி டீச்சர், அந்த உடுப்பு?" என்று.

நியாயமான கேள்வி. மறைக்காமல் பேசுவோம். பெரிய பெண்ணான பிள்ளை குட்டைக் கால்சட்டையோடு நாலு பேர் முன்னால் ஓடுவதா என்ற தயக்கம் நம் வீடுகளில் மட்டும் உள்ளதன்று. இதற்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறேன்.

ஈரான் நாட்டுப் பெண்கள் தலையை மூடி, கையும் காலும் மறைய உடுத்தி ஆடுகிறார்கள். அந்த உடையோடு 2021-இல் ஸ்பெயினில் நடந்த உலகப் போட்டிக்கு முதன்முறையாகத் தகுதி பெற்றார்கள். நார்வே போன்ற பெரிய அணிகளிடம் தோற்றார்கள். தோற்றதால் ஒதுங்கிவிடவில்லை. புதுடில்லியில் ஆசியாவின் முதல் நான்கு அணிகளில் ஒன்றாகி, 2025 உலகப் போட்டிக்கும் தகுதி பெற்றார்கள்.

இரண்டாவது செய்தி நார்வே பெண்களைப் பற்றியது. கடற்கரை மணலில் பக்கத்துக்கு நால்வராக ஆடும் எறிபந்து ஒன்று உண்டு. நம் மெர்சிங் கடற்கரைக்குப் பொருத்தமான ஆட்டம் அது. அதில் ஆண்கள் அரைக்கால் சட்டை அணியலாம். பெண்களோ மிகக் குறுகிய உள்ளாடை போன்ற உடையைத்தான் அணிய வேண்டும் என்று விதி இருந்தது. 2021 ஜூலையில் பல்கேரியாவில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் நார்வே பெண்கள், "எங்களுக்கு இது கூச்சமாக இருக்கிறது" என்று சொல்லி, விதியை மீறி அரைக்கால் சட்டையோடு இறங்கினார்கள். 1,500 யூரோ அபராதம் விதித்தார்கள். உலகம் முழுவதும் அந்த அபராதத்தைக் கண்டித்துக் குரல் எழுந்தது. சில மாதங்களில் அனைத்துலகச் சம்மேளனம் விதியைத் திருத்தியது. 2022-இலிருந்து பெண்கள் கால்சட்டை அணிந்தே ஆடலாம்.

இந்த இரண்டு செய்திகளிலிருந்தும் நாம் அறிய வேண்டியது என்ன? உடுப்பு சங்கடமாக இருந்தால் மாற்ற வேண்டியது உடுப்பை. பிள்ளையை விலக்குவது அதற்குத் தீர்வாகாது.

இந்த இடத்தில் என் சொந்த நினைவு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது என் பக்கத்து மேசையில் ஒரு தோழி இருந்தாள். பந்து அவள் கையிலிருந்து கிளம்பினால் பையன்களே ஒதுங்குவார்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போவதற்குள் அவளுக்குச் சடங்கு நடந்தது. அதன் பிறகு அவள் திடலுக்கு வரவேயில்லை. யாரும் அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஒருநாள் முதல் வரவில்லை, அவ்வளவுதான். நானும் ஏன் என்று கேட்கவில்லை. அப்படித்தான் நடக்கும் என்று அந்த வயதிலேயே எங்களுக்குத் தெரிந்திருந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்விப் பாடத்தில் இந்தப் பந்தை மறுபடியும் கையில் எடுத்தபோது எனக்கு அவள் நினைவுதான் வந்தது.

ஆகவே அந்தக் கோல் காக்கிற பிள்ளையின் வீட்டுக்கு நான் இரண்டாம் முறையும் போனேன். கொரியா கதையையோ பெர்லின் கதையையோ அங்கே எடுக்கவில்லை. "அண்ணே, எதுக்காக வேண்டாம்னு நினைக்கிறீங்க? உள்ளபடி சொல்லுங்க" என்று மட்டும் கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் மனைவிதான் சொன்னார். "போட்டி முடிஞ்சு வர இருட்டிடும், டீச்சர். வேன் ஓட்டுறவர் யாருன்னு எங்களுக்குத் தெரியாது. ரோட்டுல யானை வேற வருது. பிள்ள வயசுக்கு வந்தவ. அந்த மூணு நாளா இருந்துட்டா அங்க எங்க போவா, யார்கிட்ட சொல்லுவா?"

நேயர்களே, நான் வெட்கப்பட்டேன். அவர்களை நான் பழைய எண்ணம் பிடித்தவர்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் ஆசிரியையாகிய நான் முன்பே கேட்டுப் பதில் வைத்திருக்க வேண்டிய கேள்விகள். கடிதத்தில் போட்டி நாளும் இடமும் எழுதியிருந்தேன். பிள்ளை எப்போது வீடு சேருவாள், யார் கூட வருவார், மாற்றுத்துணி எங்கே மாற்றுவாள் என்று ஒரு வரி எழுதவில்லை.

அடுத்த நாள் புதிய கடிதம் எழுதினேன். பகலிலேயே திரும்பும்படி புறப்படும் நேரம், ஓட்டுநர் யார் என்ற விவரம், முழங்கால் மறைய நீளக் கால்சட்டை, அதன் மேல் தளர்ந்த சட்டை, பெண் பிள்ளைகளுக்குத் தேவையானவை ஆசிரியையின் பையில் இருக்கும் என்ற உறுதி, கூட வர விரும்பும் தாய்மார்களுக்கு வேனில் இடம். இரண்டு தாய்மார்கள் வருவதாகச் சொன்னார்கள். அந்தக் கடிதம் மறுநாளே கையெழுத்தோடு வந்தது. மனைவி கையெழுத்துக்குப் பக்கத்தில் தகப்பனாரும் தம் பெயரை எழுதியிருந்தார்.

போட்டியன்று தகப்பனாரும் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். நாங்கள் தோற்றோம், 11-க்கு 6. ஆனால் திரும்பும்போது அவர் என்னிடம் சொன்ன கணக்கு வேறு. "பதினாலு பந்து தடுத்தா, டீச்சர். நான் விரல் விட்டு எண்ணிக்கிட்டே இருந்தேன்."

மறுநாள் காலை பெரட்டில் அவர் அந்தப் பதினாலைப் பற்றித்தான் பேசினாராம்.

பெண் பிள்ளை பந்து எறிந்து என்ன ஆகப்போகிறது என்ற கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான். எல்லாரும் ஒலிம்பிக் போக மாட்டார்கள். நம் பிள்ளைகளில் எவளும் நாடாளுமன்றம் போவாள் என்று நான் வாக்குறுதி தர முடியாது. ஆனால் வேகமாக வருகிற பந்தைக் கண்டு கண்ணை மூடாமல் நிற்கப் பழகிய பிள்ளை, நாளை இடைநிலைப்பள்ளியிலோ ஆலையிலோ அலுவலகத்திலோ தன்னை மிரட்டுகிறவன் முன்னாலும் கண்ணை மூடாமல் நிற்பாள். தோற்றுவிட்டு மறுநாள் மறுபடியும் திடலுக்கு வரக் கற்ற பிள்ளை, பரீட்சையில் ஒரு பாடம் தவறினாலும் புத்தகத்தை மூடிவிட மாட்டாள். ஏழு பேரில் ஒருத்தியாக நின்று பந்தைப் பகிரக் கற்றவள் தன் வீட்டையும் அப்படியே நடத்துவாள்.

தாய்மார்களே, தந்தைமார்களே, அடுத்த முறை உங்கள் மகளின் புத்தகப்பையில் அப்படியொரு கடிதம் வந்தால், அதை மூன்று நாள் தூங்க விடாதீர்கள். சந்தேகம் இருந்தால் ஆசிரியரிடம் கேளுங்கள். எப்போது வருவாள், யார் கூட, எந்த உடுப்பு என்று துணிந்து கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. பதில் சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். முடிந்தால் நீங்களும் கூட வாருங்கள். இந்தப் பந்து அவளைப் போன்றவர்களுக்காகப் பிறந்தது. 1917-இல் பிறந்தது நம் தோட்டத்துத் திடலுக்கு வந்து சேரக் கொஞ்சம் காலம் பிடித்துவிட்டது, அவ்வளவுதான்.